மூன்றாவது ஸ்டேஜ் முள்: வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் வேறொரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, நின்டெண்டோவின் பழைய கையடக்க இயந்திரமான கேம் பாயில் ஒரு கேமை முடிக்க எனக்கு ஐந்து மாதம் ஆனது என்று போகிற போக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை பக்கம் முழுக்கப் பழைய கையடக்கக் கேம்கள்தான். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். ஆகவே யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: நீங்கள் சொன்ன அதே "காசில்வேனியா: தி அட்வெஞ்சர்" கேமில்தான் நானும் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மாதமாக மூன்றாவது ஸ்டேஜ். கீழிருந்து முள் ஏறி வரும் இடத்தைத் தாண்டவே முடியவில்லை. எனக்கு வயது 41. பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் என் பையன் ஒவ்வொரு தடவையும் சிரிக்கிறான். எனக்குத் தெரியாத தந்திரம் ஏதாவது இருக்கிறதா, இல்லை விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். அங்கிருந்து மேலே போக வழி இருக்கிறது.

இந்த கேமைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. 1989இல் கோனாமி நிறுவனம் கேம் பாய்க்காகக் கொண்டுவந்தது. ஜப்பானில் இதற்கு "டிராகுலா டென்செட்சு" என்று பெயர். கிறிஸ்டோபர் பெல்மாண்ட் என்பவன் கையில் சாட்டையோடு டிராகுலாவைத் தேடிப் போகிறான். மொத்தமே நான்கு ஸ்டேஜ்தான். விட்ட இடத்திலிருந்து தொடர பாஸ்வேர்டு கிடையாது, சேவ் கிடையாது. சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இதில் எல்லோரும் முதலில் முட்டிக்கொள்வது அவனுடைய நடையில். இவ்வளவு மெதுவாக நடக்கும் ஒரு நாயகனை நான் வேறு எந்த கேமிலும் பார்த்ததில்லை. தண்ணீருக்குள் நடப்பது போல நடப்பான். எதிரில் ஒன்று வருகிறது, விலக வேண்டும் என்று நமக்குத் தெரியும், கட்டைவிரலும் அழுத்திவிடும், ஆனால் அவன் போய்ச் சேருவதற்குள் அடி விழுந்திருக்கும். அடி விழுந்தால் உயிர்க்கோடு குறைவதோடு முடிந்துவிடாது, சாட்டையும் ஒரு படி இறங்கிவிடும். சாட்டைக்கு மூன்று நிலை: வெறும் சாட்டை, பலம் கூடிய சாட்டை, நுனியிலிருந்து நெருப்புப் பந்து பறக்கும் சாட்டை. எடுத்து வைத்த பலத்தை ஒரே உரசலில் இழக்கும்போது வருகிற கோபம் இருக்கிறதே, அதை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

முதல் மூன்று வாரம் நான் இதை "சூப்பர் மரியோ லேண்ட்" மாதிரி ஆடினேன். பார்த்தவுடன் தாவு, தாவியபின் யோசி. பட்டனை விரல் நுனி வெளுத்துப்போகும் அளவுக்கு அழுத்துவேன். எவ்வளவு அழுத்தினாலும் அவன் நடை ஒரு இம்மி கூடக் கூடாது. ஒரு நாள் இரவு, தோற்றுக் களைத்துப்போய், ஒன்றும் செய்யாமல் அவனை ஒரு மேடையில் நிற்கவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவனை அவசரப்படுத்த முடியாது என்றால், அவசரம் வருவதற்கு முன்பே நான் முடிவெடுத்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் பிடிபட்டது. மற்ற கேம்களில் கண்ணும் கையும் ஓடும். இதில் கணக்கு ஓட வேண்டும். எதிரி எங்கே வருவான் என்பதைப் பார்த்து ஆடினால் தோல்விதான். எங்கே வருவான் என்று முன்கூட்டியே தெரிந்து ஆட வேண்டும்.

சரி, இப்போது தாவலுக்கு வருவோம். உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்த கேமில் பல பள்ளங்கள் அவனுடைய தாவலின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சரியாக வெட்டப்பட்டவை. மேடையின் ஓரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தாவினாலே விழுந்துவிடுவான். எப்போது தாவ வேண்டும்? அவன் முன்காலின் நுனியைப் பாருங்கள். அந்தக் கால் மேடையை விட்டு வெளியே காற்றில் நிற்பது போலத் தெரியும். "ஐயோ, விழப்போகிறான்" என்று மனது சொல்லும். அந்தச் சமயத்தில் தாவ வேண்டும், அதற்கு முன் இல்லை. இதைப் பழக முதல் ஸ்டேஜிலேயே, எதிரி இல்லாத ஒரு மேடையில், ஓரம் வரை நடந்து நடந்து நின்று பாருங்கள். ஒரு சாயங்காலம் முழுக்க நான் அதை மட்டுமே செய்தேன். தாவக்கூட இல்லை. ஓரம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பழக்கினேன், அவ்வளவுதான்.

இனி அந்த முள். கீழிருந்து முள்தரை ஏறிக்கொண்டே வரும், நீங்கள் கயிறும் மேடையுமாக அதற்கு முன்னால் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். முள் தொட்டால் உயிர்க்கோடு எவ்வளவு இருந்தாலும் கதை முடிந்தது. அதைத் தாண்டினால் பக்கவாட்டில் ஒரு முள்சுவர் துரத்தும். இரண்டிலும் ஒரே விஷயம்தான்: முள்ளின் வேகத்துக்கும் அவன் வேகத்துக்கும் நடுவே மிச்சம் மிகக் குறைவு. தவறான பக்கம் இரண்டு எட்டு வைத்துத் திரும்பினால் அந்த மிச்சம் தீர்ந்துவிடும்.

அதனால் நான் கட்டம் போட்ட தாளை எடுத்தேன். ஒவ்வொரு தடவை செத்ததும் எங்கே செத்தேன், அதற்கு முந்தைய மேடை இடதா வலதா, கயிறு எந்தப் பக்கம் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் ஆட்டம் நிற்கும். நிறுத்தி, திரையில் தெரிகிற மேடைகளை வரைந்துகொண்டு, பிறகு தொடருவேன். நாலைந்து நாளில் முழு ஏற்றமும் தாளில் வந்துவிட்டது. அதற்கப்புறம் அது ஒரு பாட்டை மனப்பாடம் செய்வது போலத்தான்: "கயிறு, வலது, தாவு, இடது, அடிக்காதே, தாவு, கயிறு." அந்த "அடிக்காதே" முக்கியம். அந்த இடத்தில் வழியை அடைக்கும் எதிரியை மட்டும் அடியுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள். சாட்டையை வீசுகிற நேரம்கூட முள் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

உங்கள் பையன் பக்கத்தில் இருக்கிறான் என்கிறீர்களே, அதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தத் தாளை அவன் கையில் கொடுங்கள். நீங்கள் ஏறுங்கள், அவன் படிக்கட்டும். எனக்கு அப்படி வாசித்துச் சொன்னது என் அண்ணன். ஒரே ராத்திரியில் பதினோரு தடவை செத்து, பன்னிரண்டாவது தடவை ஏறி முடித்தபோது நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. முள்சுவர் இன்னும் பாக்கி இருந்தது, பேசினால் கை ஆடிவிடும் என்று பயம்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இந்த கேமில் வரும் எல்லாக் கஷ்டமும் உங்கள் குறை அல்ல. வாயிலிருந்து உருண்டைகளை உமிழும் ஒரு ஜந்து வருமே, அந்த உருண்டைகள் சுவரிலும் தரையிலும் முட்டி முட்டித் துள்ளும். குறுகலான இடத்தில் அவற்றை முழுக்க விலக்குவது யாருக்கும் சிரமம். அப்புறம் கேம் பாயின் திரை: நகருகிற எதையும் அது கொஞ்சம் கலங்கலாகத்தான் காட்டும், பின்னால் ஒரு நிழல் இழுபடும். போதாததற்கு அந்த இயந்திரத்தால் ஒரே கிடைவரியில் 10 நகரும் உருவத்துண்டுகளுக்கு மேல் காட்ட முடியாது. ஒரு ஆளே பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டியதுதான். ஒரே உயரத்தில் கூட்டம் சேர்ந்தால் ஏதாவது ஒன்று மறையும், இல்லையென்றால் மினுங்கும். கண்ணில் படாத ஒன்று அடித்துவிட்டது என்று தோன்றினால், சில நேரம் அது நிஜமாகவே படாமல் இருந்திருக்கும். அந்த மாதிரிச் சாவை உங்கள் கணக்கில் எழுதிக்கொள்ள வேண்டாம். தாளில் ஓரமாக ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த தடவைக்குப் போய்விடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆடாதீர்கள் என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன். இரண்டாவது மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது எதுவும் இல்லை. முதல் மணியில் பழகியதைக் கெடுத்துக்கொண்டதுதான் மிச்சம்.

முடித்ததும் எனக்கு எழுதுங்கள். பையன் என்ன சொன்னான் என்பதையும் எழுதுங்கள்.

கேள்வி: இதன் அடுத்த பாகமும் இப்படித்தான் இருக்குமா?

பதில்: இருக்காது. 1991இல் வந்த "காசில்வேனியா 2: பெல்மாண்ட்ஸ் ரிவெஞ்ச்" எவ்வளவோ மேல். பாஸ்வேர்டு உண்டு, தொடக்கத்தில் நான்கு கோட்டைகளை நீங்கள் விரும்பிய வரிசையில் முடிக்கலாம். முதல் பாகத்தில் அடிபட்டவர்கள் இதை ஆடினால் கை விலங்கு கழன்றது போல இருக்கும்.

கேள்வி: அந்தக் காலத்து கேம்கள் எல்லாமே ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கின்றன? வேண்டுமென்றே செய்தார்களா? (கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, பெரும்பாலும் வேண்டுமென்றே செய்ததுதான். ஆனால் அதற்குக் காரணம் இருந்தது.

கேம் பாயோடு பல நாடுகளில் சேர்த்துக் கொடுக்கப்பட்ட "டெட்ரிஸ்" மொத்தம் 32 கிலோபைட். "சூப்பர் மரியோ லேண்ட்" 64 கிலோபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரே ஒரு படம் இதைப்போல எத்தனையோ மடங்கு. அவ்வளவு சின்ன இடத்துக்குள் படம், இசை, ஸ்டேஜ் எல்லாம் அடங்க வேண்டும். பழகிய கை "சூப்பர் மரியோ லேண்ட்"டின் 12 ஸ்டேஜையும் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடும். அப்படியிருக்க, வாங்கியவர் மாதக்கணக்கில் ஆட வேண்டும் என்றால் ஒரே வழி, அந்த ஒரு மணி நேரத்தை எட்டவிடாமல் வைப்பது. இடத்தால் கொடுக்க முடியாத நீளத்தைக் கஷ்டத்தால் கொடுத்தார்கள்.

நாணயம் போட்டு ஆடும் ஆர்கேட் கேம்களின் வாசனையும் அதில் இருந்தது. அங்கே ஆடுபவர் சில நிமிடங்களில் தோற்றால்தான் அடுத்த நாணயம் விழும். மூன்று உயிர், தோற்றால் தொடக்கத்துக்குப் போ என்கிற விதிகளெல்லாம் அங்கிருந்து நேரே வீட்டுக்கும் கைக்கும் வந்துவிட்டன. சேவ் வசதி வைக்க காட்ரிட்ஜுக்குள் (கேம் பதிந்திருக்கும், இயந்திரத்தில் செருகும் சின்னப் பெட்டி) தனி மெமரியும் அதை உயிரோடு வைத்திருக்க ஒரு சிறு பேட்டரியும் வேண்டும். 1991இல் வந்த "மெட்ராய்டு 2"வில் அது இருந்தது. பல கேம்களில் இல்லை.

இன்னொரு காரணம் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகப் படுகிறது: திரையின் அளவு. குறுக்கே 160 புள்ளி, நெடுக்கே 144 புள்ளி, அவ்வளவுதான் உலகம். ஆளைப் பெரிதாக வரைந்தால் அழகாக இருக்கும், ஆனால் முன்னால் என்ன வருகிறது என்பது தெரியாது. ஆளைச் சின்னதாக வரைந்தால் வழி தெரியும், முகம் தெரியாது. 1991இன் "மெகா மேன்" கேம் பாய்ப் பதிப்பில் நாயகன் பெரியவன். எதிரி திரைக்குள் நுழையும்போதே கிட்டத்தட்ட மேலே வந்து விழுவான். "சூப்பர் மரியோ லேண்ட்"டில் மரியோவைக் குட்டியாக வரைந்தார்கள். எந்தக் கஷ்டம் நியாயம், எது இல்லை என்று நான் பார்ப்பது இதை வைத்துத்தான்: தோற்பதற்கு முன் எனக்குப் பார்க்க நேரம் கொடுத்தார்களா?

எல்லாமே கஷ்டம் என்பதும் சரியில்லை. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு ஒன்பது வயது. என்னுடைய பழைய கேம் பாயை எடுத்துக்கொண்டு ஆட வேண்டும் என்கிறாள். முதல் நாளிலேயே அழுதுகொண்டு தூக்கி வைத்துவிடக் கூடாது. எதைக் கொடுக்கலாம்?

பதில்: "கிர்பீஸ் டிரீம் லேண்ட்", 1992. மசாஹிரோ சகுராய் இதை உருவாக்கியதே, கேம் ஆடிப் பழக்கமில்லாதவர்களும் முடிக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான். மொத்தம் ஐந்து ஸ்டேஜ். விழப்போகிறோம் என்று தோன்றினால் கிர்பி வயிற்றில் காற்றை நிரப்பிக்கொண்டு மிதந்துவிடும். பள்ளத்தைப் பார்த்துப் பயமே வராது. ஒரு குழந்தைக்கு முதல் நாளில் வேண்டியது அதுதான்.

அவள் முடித்துவிட்டு "அவ்வளவுதானா?" என்று கேட்டால், டைட்டில் திரையில் மேல் அம்பு, செலக்ட், ஏ மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். அதே கேம், ஆனால் எதிரிகள் வேகமாகவும் வலுவாகவும் வருவார்கள். அதை நீங்கள் சொல்லிக்கொடுக்கும்போது அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

அதற்கு அடுத்து 1994இன் "டாங்கி காங்". ஆர்கேடில் வந்த பழைய நான்கு ஸ்டேஜோடு தொடங்கும், முடிந்துவிட்டது என்று நினைக்கும்போதுதான் உண்மையான கேம் ஆரம்பிக்கும். மொத்தம் 101 ஸ்டேஜ், சேவ் உண்டு. அவசரப்படுத்தாமல், ஒவ்வொரு அறையையும் ஒரு புதிராக யோசிக்க வைக்கும். கேம் பாயில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு கேமைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: சுவிட்சைப் போட்டால் மேலிருந்து ஒரு கறுப்புப் பட்டை மட்டும் இறங்கி வந்து நிற்கிறது. கேம் ஓடவில்லை. இயந்திரம் போய்விட்டதா? ஊதிப் பார்த்தேன், சில நேரம் வேலை செய்கிறது.

பதில்: இயந்திரம் நன்றாகவே இருக்கிறது. அந்தக் கறுப்புப் பட்டைதான் அதற்குச் சாட்சி.

சுவிட்சைப் போட்டதும் "நின்டெண்டோ" என்ற பெயர் மேலிருந்து இறங்கி வருமே, அது இயந்திரத்திலிருந்து வருவதில்லை. காட்ரிட்ஜில் எழுதப்பட்டிருக்கும் 48 பைட்டை இயந்திரம் படித்துத் திரையில் காட்டுகிறது. பிறகு தன்னிடம் உள்ள பிரதியோடு அதை ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஒத்துப்போனால் கேம் தொடங்கும், இல்லையென்றால் அப்படியே நின்றுவிடும். காட்ரிட்ஜ் போடாமல் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள், இதே கறுப்புப் பட்டைதான் வரும். ஆக, உங்கள் காட்ரிட்ஜ் உள்ளே இருந்தும் இல்லாத மாதிரி இருக்கிறது. தொடுமுனைகள் தொடவில்லை, அதுதான் விஷயம். பெயர் பாதி சிதைந்து வந்தால் சில முனைகள் மட்டும் தொடுகின்றன என்று அர்த்தம்.

ஊதுவதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஊதியபின் வேலை செய்வது, காட்ரிட்ஜைக் கழற்றி மறுபடி போட்டதால்தான் பெரும்பாலும். மூச்சில் இருக்கும் ஈரம் அந்த உலோக முனைகளை மெல்ல அரிக்கும். ஒரு பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு முனைகளின் மேல் நீளவாக்கில் தேயுங்கள். என்னுடைய காட்ரிட்ஜ் ஒன்றை முதல் தடவை தேய்த்தபோது பஞ்சு சாம்பல் நிறமாக வந்தது, இரண்டாவது பஞ்சில் மெல்லிய பச்சை. நான்காவது பஞ்சு வெள்ளையாக வந்தபிறகுதான் நிறுத்தினேன். நன்றாகக் காயவிட்டுப் போட்டேன், பெயர் முழுசாக இறங்கியது. பட்டன் சரியாகப் பதியவில்லை என்று எழுதியிருக்கும் இன்னொரு வாசகருக்கும் இதே ஆல்கஹால்தான் மருந்து. உள்ளே பட்டனுக்கு அடியில் இருக்கும் ரப்பரின் கறுப்புப் பொட்டையும் அது தொடும் இடத்தையும் துடையுங்கள். தாவல் பதியாமல் செத்தால் கோபம் கேம் மேல் வரும், பாவம், அதற்குச் சம்பந்தமே இருக்காது.

சேவ் உள்ள காட்ரிட்ஜைத் திறந்து அந்தச் சின்ன பேட்டரியைக் கழற்றினால் சேவ் போய்விடும். திறப்பதற்கு முன் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

கேள்வி: எமுலேட்டரிலோ (பழைய கேமைக் கணினியிலோ போனிலோ ஓட்டும் மென்பொருள்) புதிய தொகுப்பிலோ எந்த இடத்தில் வேண்டுமானாலும் சேவ் செய்துகொண்டு ஆடினால் அது ஏமாற்று வேலையா?

பதில்: இல்லை. 2019இல் வந்த "காசில்வேனியா அனிவர்சரி கலெக்ஷன்" தொகுப்பில், மேலே சொன்ன இரண்டு கேம் பாய் கேம்களும் இருக்கின்றன. நினைத்த இடத்தில் சேவ் செய்யும் வசதியை அந்தத் தொகுப்பிலேயே வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அதை எப்படிப் பயன்படுத்துகிறீர்கள் என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. ஒவ்வொரு தாவலுக்கும் சேவ் செய்து, தவறினால் திரும்பி, இப்படியே கடைசிவரை போனவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டு பேர். இருவருக்கும் கேம் ஞாபகமே இல்லை. அதற்குப் பதில் முள் தொடங்கும் இடத்தில் ஒரு சேவ் வைத்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் முப்பது தடவை ஆடுங்கள். கைக்குப் பழகியதும் சேவைத் தொடாமல் முதல் ஸ்டேஜிலிருந்து வாருங்கள். கடினமான இடத்தைத் தனியாக எடுத்துச் சாதகம் செய்வது வீணை வாசிப்பவருக்கும் உண்டு, மிருதங்கம் வாசிப்பவருக்கும் உண்டு. எனக்கு அந்தக் காலத்தில் இந்த வசதி இருந்திருந்தால் ஐந்து மாதம் இரண்டு மாதமாகியிருக்கும்.

கேள்வி: திரை சரியாகத் தெரியவில்லை. வெளிச்சத்துக்காக என்ன செய்தீர்கள்?

பதில்: மேசை விளக்கை இடது தோளுக்குப் பின்னால் வைத்து, அதன் வெளிச்சம் திரையில் பளிச்சென்று தெறிக்காத கோணத்துக்குக் கையைச் சாய்த்துக்கொள்வேன். 1989இன் கேம் பாய்க்குத் திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது. அதே ஆண்டில் வந்த அடாரி லிங்ஸுக்கு வண்ணத் திரை, உள்ளேயே விளக்கு, எல்லாம் இருந்தது. ஆனால் ஆறு பேட்டரியைச் சில மணி நேரத்தில் விழுங்கிவிடும். கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய், புதிதான, பகட்டான தொழில்நுட்பத்தைத் தேடாமல், பழகி முதிர்ந்ததை வேறு விதமாகப் பயன்படுத்த வேண்டும் என்ற கொள்கை உடையவர். அந்தக் கொள்கையால்தான் நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாராளமாக ஓடியது. மங்கலான திரையும் அதே கொள்கையால்தான் வந்தது. பின்விளக்கோடு 1998இல் "கேம் பாய் லைட்" வந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும்.

இடது பக்கம் இருக்கும் சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் கறுப்பின் அழுத்தம் கூடும், குறையும். அதைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் நகரும் உருவத்துக்குப் பின்னால் இழுபடும் நிழலும் குறைகிறது. இப்போது பலர் பழைய திரையைக் கழற்றிவிட்டுப் புதிய திரை பொருத்துகிறார்கள். நானும் ஒன்றில் பொருத்தியிருக்கிறேன். நிழல் அறவே இல்லை, காலின் நுனி தெளிவாகத் தெரிகிறது. அந்தத் திரையில் தாவல்கள் கண்கூடாகச் சுலபமாகின்றன. கண் வலிப்பவர்கள் யோசிக்காமல் மாற்றிக்கொள்ளலாம்.

இடது ஓரத்தில் இருக்கும் சிவப்பு விளக்கையும் அவ்வப்போது பாருங்கள். பேட்டரி தீரும்போது அது மங்கும். நான்காவது ஸ்டேஜை முதன்முதலாக எட்டிய இரவு நான் அதைப் பார்க்கவில்லை. திரை மெல்ல வெளுத்து, இசை ஒருமுறை விக்கி, எல்லாம் அணைந்தது. அந்த இடத்துக்குத் திரும்பி வர எனக்குப் பத்து நாள் ஆனது.

கேள்வி: இன்றுவரை உங்களால் முடிக்க முடியாத கேம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, அதுவும் எல்லோரும் ஆடிய ஒன்று. "டெட்ரிஸ்".

மேலிருந்து விழும் கட்டைகளை ஒரு கிணறு போன்ற பெட்டிக்குள் அடுக்க வேண்டும், ஒரு வரி முழுசாக நிறைந்தால் அழியும். அதில் பி வகை ஆட்டம் ஒன்று உண்டு. 25 வரியை அழித்தால் ஜெயம். வேகம் 9, உயரம் 5 என்று வைத்துக்கொண்டால், ஆட்டம் தொடங்கும்போதே அடியில் 10 வரி குப்பை நிரம்பியிருக்கும். மொத்தக் கிணறே 18 வரிதான். மீதி எட்டு வரிக்குள், விழுகிற வேகத்துக்கு ஈடுகொடுத்து, குப்பையைக் கரைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். வென்றால் ஒரு விண்வெளி ஓடம் புகை கக்கி மேலே கிளம்பும். அதை நான் என் இயந்திரத்தில் இதுவரை பார்த்ததில்லை.

முதல் ஏழெட்டு வரிதான் உயிர் போகும் இடம். குப்பைக்குள் எங்கே ஓட்டை இருக்கிறது என்று தேடி, மேலே எதையும் உயர்த்தாமல், ஓரங்களைத் தாழ்வாக வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். நீளக்குச்சிக்காகக் காத்திருக்க அங்கே இடமே இல்லை. இரண்டு வரி கிடைத்தால் இரண்டு, ஒன்று கிடைத்தால் ஒன்று என்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். இது எனக்குப் புரியவே வெகுநாள் ஆனது.

இந்த மாதம் தினமும் தூங்கப்போகும் முன் மூன்று ஆட்டம் ஆடுகிறேன். நேற்று இரவு இரண்டாவது ஆட்டத்தில் 4 வரி மிச்சம் இருந்தது.